பகோடா வீதியும் அத்திப்பட்டும்

சிங்கப்பூரின் சீனர் பேட்டையில், 1827-இல் நாராயண பிள்ளை ஸ்தாபித்த மாரியம்மன் கோயிலை ஒட்டி, அதனாலேயே பெயரும் பெற்ற பகோடா வீதி, ஒரு காலத்தில் கப்பலேறி வந்த சீனக் கூலிகளின் விடுதிகளுக்கும் அபினிக் கூடங்களுக்கும் பிரசித்தமாயிருந்து, பின்னர் தையற்காரர்களின் வீதியாகி, இன்று உல்லாசப் பிரயாணிகளுக்குப் பட்டு விசிறியும் பொம்மையும் விற்கும் அங்காடியாய் விளங்குகிறது. ஜனங்கள் அரசாங்க அடுக்ககங்களுக்குக் குடிபெயர்ந்த பிறகு, 48-ஆம் எண் கட்டடத்தில் 2002-இல் திறந்த காட்சிசாலையில், கீழே தையற்கடையையும், மாடியில் பலகைத் தடுப்புகளுக்கிடையே ஒரு குடும்பமே முடங்கிக் கிடந்த சிற்றறைகளையும், பானை சட்டி முதலாக மறுபடி ஜோடித்து வைத்தார்கள். வறுமைக்கும் நுழைவுச்சீட்டா என்று பரிகசிக்கலாம், நானும் பரிகசிப்பதுண்டு. ஆயினும் கோயில் கட்டிய கனவானோடு மூட்டை சுமந்தவனுக்கும் சரித்திரத்தில் ஸ்தானம் கொடுத்தார்களே, அது நியாயம்.

அதே நியாயம் நமக்கும் பொருந்தும். அனல்மின் நிலையமும் துறைமுகமும் சூழ்ந்த நம் அத்திப்பட்டில், பீஹாரிலிருந்தும் ஒடிஸாவிலிருந்தும் வந்த தொழிலாளிகள், கொடிக்கயிற்றில் சீருடை உலரும் வாடகை அறைகளில் பலராய்ச் சேர்ந்து வசிக்கிறார்கள். அந்த அறைகள் இடிபடுமுன் அவற்றின் புகைப்படங்களையும், அவர்கள் வாய்மொழியையும், மீனவர், உப்பளத்தார் நினைவுகளோடு சேர்த்து, உள்ளூர் நூலகமே இப்போது திரட்டத் தொடங்கலாம். அதற்குப் பெருந்திரவியம் தேவையில்லை.