ஏரிக்கரையும் சைக்கிள் வழியும்

மலைப் பிரதேசங்களின் மீது மோட்டார் வண்டிகள் நடத்திவரும் படையெடுப்பு தாங்கவொண்ணாத நிலையை அடைந்து, நியாயஸ்தலமே தலையிட்டு அவற்றின் தொகையை வரையறுக்க நேர்ந்த விஷயத்தை நமது வாசகர்கள் அறிவார்கள். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் வண்டிகள் அனுமதிச் சீட்டுப் பெற்றே செல்லவேண்டுமென்று சென்னை ஹைக்கோர்ட்டார் உத்தரவிட்டு, அது 2024-ஆம் வருஷம் மே மாதம் 7-ந் தேதி அமுலுக்கு வந்தது. அதுவும் போதாமற்போகவே, 2025-ஆம் வருஷக் கோடைக்கு நீலகிரிக்குச் சாதாரண தினங்களில் 6,000 வண்டிகள், வாரக் கடைசியில் 8,000 வண்டிகள் என்றும், கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 என்றும் அளவு விதிக்கப்பட்டது. இவ்வுத்தரவுகளின் நியாயத்தை நாம் சிறிதும் ஆட்சேபிக்கவில்லை. எனினும் ஒரு வழியை அடைத்தவர்கள் மற்றொரு வழியைத் திறந்துவிட வேண்டாமா என்ற கேள்வி எழாமலிராது. குன்றையும் நீரையும் பசுமையையும் காண விரும்பும் பிரஜைக்கு, புகையும் இரைச்சலுமின்றிச் சென்று வர ஒரு பாதை நாட்டில் எங்கேனும் உண்டா?

இக்கேள்வியை உல்லாசப் பிரயாணிகளின் பொருட்டு மாத்திரம் நாம் எழுப்புவதாக யாரும் எண்ணவேண்டாம். சைக்கிள் நமது நாட்டில் ஏழையின் வாகனம். 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் நூற்றுக்கு ஏறக்குறைய 45 குடும்பங்களில் சைக்கிள் இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கத்தார் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்பித்தபோது, கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் முன்வந்து ஏறி அமர்ந்ததை உலகமே வியந்து நோக்கிற்று. தண்ணீருக்கும் சந்தைக்கும் வேலைக்கும் பிறர் தயவை எதிர்பார்த்திருந்தவர்கள் அன்று முதல் தம் விருப்பப்படி போய்வரத் தொடங்கினார்கள். பின்னர் 2001-ஆம் வருஷம் முதல் நமது ராஜ்யத்தில் ஆதி திராவிட, பழங்குடி மாணவிகளுக்கும், 2005-ஆம் வருஷம் முதல் அரசாங்க, உதவி பெறும் பள்ளிகளில் மேல்வகுப்பில் படிக்கும் மாணவ மாணவிகள் அனைவருக்கும் இனாமாகச் சைக்கிள் வழங்கப்பட்டு வந்திருக்கிறது. போற்றத்தக்க காரியமே. ஆனால் சர்க்கார் வண்டியைக் கொடுத்தார்களேயன்றி வழியைக் கொடுக்கவில்லை. கொடுத்த வண்டியை எந்த வீதியில் ஓட்டுவது?

காஞ்சியைச் சுற்றியுள்ள வீதிகளின் நிலைமையைச் சற்றே பார்ப்போம். வடக்கே சென்னை–பெங்களூர் பெருஞ்சாலை; கிழக்கே ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு இரவும் பகலும் ஓடும் லாரிகளும் கம்பெனி பஸ்களும். ஐயம்பேட்டையிலிருந்தும் முத்தியால்பேட்டையிலிருந்தும் நெய்து முடித்த சேலையைக் கூட்டுறவுச் சங்கத்தில் ஒப்படைத்துவிட்டுப் பட்டும் சரிகையும் வாங்கிக்கொண்டு திரும்பும் நெசவாளி, அந்த லாரிகளுக்கும் சாலையோரப் பள்ளத்திற்கும் நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செல்லவேண்டியிருக்கிறது. 2022-ஆம் வருஷத்தில் இந்தியாவின் வீதிகளில் 1,68,491 பேர் மாண்டனர் என்றும், அவர்களில் 32,825 பேர் கால்நடையாகச் சென்றவர்கள் என்றும் மத்திய சர்க்காரின் அறிக்கையே கூறுகிறது. அதே வருஷத்தில் நமது ராஜ்யத்தில் மட்டும் 17,884 பேர் உயிரிழந்தனர். ஒரு யுத்தத்தில் இத்தனை பேர் மடிந்திருந்தால் நாடு முழுவதும் துக்கம் கொண்டாடியிருக்கும். வீதியில் மடிந்தபடியால் மறுநாளே மறந்துவிடுகிறோம்.

இத்தகைய கஷ்டத்திற்குப் பிற நாட்டார் கண்ட பரிகாரம் ஒன்றை இங்கே எடுத்துக் காட்ட விரும்புகிறோம். நியூஜீலந்தின் தென் தீவில், ஒடாகோ என்னும் மேட்டுநிலப் பிரதேசத்தில், மிடில்மார்ச்சிலிருந்து கிளைட் வரையில் ஓடிக்கொண்டிருந்த ரயில் 1990-ஆம் வருஷத்தில் நின்றுவிட்டது. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. எஞ்சிய கரையை 1993-இல் அந்நாட்டு இயற்கைப் பாதுகாப்பு இலாகா ஏற்றுச் சரளை பரப்பி, பாலங்களுக்குப் பலகையும் கைப்பிடியும் அமைத்து, 2000-ஆவது வருஷத்தில் ஏறக்குறைய 150 கிலோமீட்டர் நீளமுள்ள பாதையாகத் திறந்துவிட்டார்கள். மோட்டாருக்கு அங்கே இடமில்லை. கால்நடையாகவோ சைக்கிளிலோ குதிரையிலோதான் செல்லலாம். செங்குத்தான ஏற்றம் ரயிலுக்கு ஆகாதாகையால் பாதை மெல்ல மெல்லவே ஏறி இறங்குகிறது. முதியோரும் சிறுவரும் சிரமமின்றிச் செல்கிறார்கள். ரயில் நின்றதால் வாடிப்போன சிற்றூர்கள் வழிப்போக்கர்களுக்கு உணவும் படுக்கையும் அளித்து மீண்டும் தழைத்தன. இதைக் கண்டே அந்நாட்டு மந்திரிசபை 2009-ஆம் வருஷத்தில் ஐந்து கோடி டாலர் ஒதுக்கி நாடெங்கும் இத்தகைய பாதைகளை அமைக்க முற்பட்டது.

கைவிடப்பட்ட ரயில் கரைகள் நம்மிடம் அதிகமில்லை. ஆனால் அதனினும் பழையதும் பெரியதுமான செல்வம் ஒன்று நம்மிடம் இருக்கிறது. ஏரிக்கரைகளையே குறிப்பிடுகிறோம். செங்கற்பட்டு பிரிந்து போகுமுன் ஒன்றாயிருந்த காஞ்சிபுரம் ஜில்லாவில் நீர்வள இலாகாவின் பொறுப்பில் மாத்திரம் 909 ஏரிகள் கணக்கிடப்பட்டிருந்தன. ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பிலுள்ள சிற்றேரிகள் இவற்றிற்குப் புறம்பானவை. ஒவ்வோர் ஏரிக்கும் உயர்ந்த மண் கரையுண்டு. அதன் உச்சியில் நடந்துபோக ஒரு தடமுண்டு. ஓர் ஏரி நிரம்பி அடுத்த ஏரிக்கு வழியும்படி நம் முன்னோர் அவற்றைத் தொடர்புபடுத்தி வைத்தபடியால், கரைகளும் கால்வாயோரங்களும் சேர்ந்து ஊருக்கு ஊர் பின்னிய வலையாகக் கிடக்கின்றன. லாரி ஏறாத இந்த வழிகளை நாம் வழிகளாகவே எண்ணாமலிருந்து விட்டோம்.

உதாரணமாக ஒரு மார்க்கத்தைச் சொல்லுவோம். காஞ்சியிலிருந்து செவிலிமேட்டில் பாலாற்றைக் கடந்து தெற்கே சிறிது தூரம் சென்றால் மாமண்டூர்க் கற்குன்றுகள் தென்படும். மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் குடைவரைகள் அங்கேயுள்ளன. அவற்றிலுள்ள சிதைந்த சாசனமொன்று மத்தவிலாசம் என்ற நாடகத்தைக் குறிப்பிடுகிறது. குன்றுகளை ஒட்டி, பழைய சாசனங்களில் சித்திரமேக தடாகமென்று பெயர் பெற்ற பெரிய ஏரி விரிந்து கிடக்கிறது. சமீபத்தில் குரங்கணில்முட்டத்திலும் பல்லவர் குடைவரை உண்டு. மற்றொரு திசையில் உத்தரமேரூரும் அதன் வயிரமேக தடாகமும். ஆலயங்களைச் சேவிக்கவும் பட்டு வாங்கவும் காஞ்சிக்கு வருவோர் எத்தனையோ பேர். அவர்களில் இக்குன்றுகளைக் கண்டவர் எத்தனை பேர்? ஏரிக்கரை வழியே சரளைப் பாதை இருந்தால், வருவோர் ஒரு நாள் கூடுதலாகத் தங்குவர். வழியிலுள்ள கிராமத்து இட்டிலிக் கடைக்கும் இளநீர் வியாபாரிக்கும் நாலு காசு கிடைக்கும். உள்ளூர் மாணவி பயமின்றிப் பள்ளி செல்வாள்.

இவ்யோசனைக்குச் சொல்லக்கூடிய ஆட்சேபங்களையும் கவனிப்போம். முதலாவது, கரையைப் பொதுவழியாக்கினால் கரை கெடும் என்பது. லாரியும் டிராக்டரும் ஏறினால் கெடும் என்பதில் ஐயமில்லை. சக்கரம் அழுத்திய பள்ளத்தில் மழைநீர் தேங்கி ஊறிக் கரையைப் பலவீனப்படுத்தும். ஆனால் சைக்கிளும் மனிதனும் சேர்ந்து இரண்டு மூட்டை நெல்லின் பாரத்திற்கு மேல் இரார். இதனாலேயே தாரையும் சிமெண்டையும் வேண்டாமென்கிறோம். தார் போட்ட மறுவருஷமே அது மோட்டார் வீதியாக மாறிவிடும். அன்றியும் கரையில் உண்டாகும் வெடிப்பையும் கசிவையும் தார் மறைத்துவிடும். கெட்டித்த கிராவல் மண்ணோ, கரையை உயர்த்த நேர்ந்தால் கரையோடு கலந்துவிடும். பெருமழைக் காலத்தில் பாதையை மூடிவிடலாம். 2015-ஆம் வருஷத்து வெள்ளத்தைக் கண்ட நமக்கு, கரையின் பத்திரமே முதற்காரியமென்பதை யாரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. நாள்தோறும் நூறு பேர் போய்வரும் கரையில் உடைப்பு தொடங்கினால் உடனே தெரியவரும்; ஏரி மண்ணை இரவில் திருடுவோருக்கும் அங்கே துணிவு பிறவாது.

இரண்டாவது, மோட்டாரைத் தடுக்கச் சட்டத்தில் இடமுண்டா என்பது. தாராளமாக உண்டு. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, பொதுஜன நன்மையை முன்னிட்டுக் குறிப்பிட்ட வழிகளில் வண்டிகளைத் தடுக்கச் சர்க்காருக்கு அதிகாரமளிக்கிறது. ஆக்கிரமிப்புகளை அகற்றுவதற்கு 2007-ஆம் வருஷத்து ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டப் புஸ்தகத்தில் குறைவில்லை; அதைப் புரட்டும் கைகளே வேண்டும். உழவரின் மாட்டு வண்டிக்கும் டிராக்டருக்கும் அவசியமான இடங்களில் பூட்டுள்ள தடுப்பு வைத்து, சாவியை அவ்வூர்ப் பஞ்சாயத்தில் கொடுத்துவிட்டால் போதும்.

மூன்றாவது, இது காட்டுக்கும் மலைக்கும் தீங்காகாதா என்பது. காட்டுக்குள் பாதை வெட்டச் சொல்வோரோடு நமக்கு உடன்பாடில்லை. 2018-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் தேனி ஜில்லாக் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி இருபதுக்கு மேற்பட்டோர் மாண்ட துயரத்தை நாடு மறக்கவில்லை. அதன் பின்னர் விதிகள் வகுக்கப்பட்டன. 2024-ஆம் வருஷம் அக்டோபரில் நமது சர்க்கார் 14 ஜில்லாக்களில் 40 மலைநடைப் பாதைகளை வழிகாட்டிகளுடனும் கட்டணத்துடனும் திறந்துவைத்தார்கள். நடப்பவருக்குச் செய்த அந்த ஒழுங்கைச் சைக்கிளில் செல்வோருக்குச் சமவெளியிலும் குன்றடிவாரத்திலும் செய்யலாகாதா? ஏரிக்கரை மனிதன் கட்டியது. யானையின் வழியை அது மறிக்காது. பறவைகள் வந்து தங்கும் ஏரிகளை மட்டும் விலக்கி வைத்துவிடலாம்.

நான்காவது ஆட்சேபமே உண்மையில் கடினமானது. யார் பராமரிப்பது? கரை நீர்வள இலாகாவுடையது, பாதை ஊராட்சியினுடையது, பாலம் நெடுஞ்சாலை இலாகாவுடையது, குடைவரையோ தொல்பொருள் இலாகாவுடையது. போதாக்குறைக்குக் காஞ்சி ஒரு ஜில்லா, மாமண்டூர் திருவண்ணாமலை ஜில்லா. இத்தனை பேர் கையெழுத்துக்குக் காத்திருந்தால் சரளை வந்து இறங்குமுன் ஒரு தலைமுறை கடந்துவிடும். இரண்டு ஜில்லா கலெக்டர்களும் கூடி ஒரு சிறு கமிட்டி அமைத்து, ஒரே ஒரு மார்க்கத்தை மாத்திரம் பரீட்சையாக எடுத்துக்கொள்வதே யுக்தம். பாலாற்றுப் பாலத்தில் சைக்கிளுக்கென்று ஓரம் ஒதுக்குவதே அவர்களுடைய முதல் வேலையாக இருக்கட்டும். அந்த ஒரு பாலத்தைக் கடக்க அஞ்சினால், அப்பாலுள்ள பாதை எவ்வளவு நன்றாயிருந்தும் பயனில்லை.

பராமரிப்புக்கு அயல்நாட்டு முன்மாதிரியைத் தேடிப் போகவேண்டியதில்லை. 919, 921-ஆம் வருஷங்களில், முதற் பராந்தக சோழன் காலத்தில், உத்தரமேரூர்ச் சபையார் குடவோலை முறையால் வாரியங்களைத் தேர்ந்தெடுத்த வரலாற்றைக் கோயில் சுவரிலே இன்றும் காணலாம். அவ்வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம். ஆயிரத்து நூறு வருஷங்களுக்கு முன் தம் கரையைத் தாமே காத்த ஜனங்களின் சந்ததியார், இன்று கரையில் ஒரு கூடை மண் போடவும் கோட்டையை நோக்கிக் கைகட்டி நிற்கவேண்டுமா? கரையையும் அதன்மேல் செல்லும் பாதையையும் காக்கும் பொறுப்பைக் கிராம பஞ்சாயத்துகளிடம் விட்டு, அதற்குரிய பணத்தையும் சர்க்கார் தவறாமல் கொடுக்கவேண்டும். அதிகாரமின்றிப் பொறுப்பைச் சுமத்துவதும், பணமின்றி அதிகாரத்தை வழங்குவதும் சுயாட்சியாகா.

பல ஆயிரங்கோடி ரூபாயில் எட்டு வழிச் சாலைகளைப் பற்றிப் பேசும் காலம் இது. அவற்றின் செலவில் ஒரு துளி இருந்தால் நாம் சொல்லும் பாதை அமைந்துவிடும். அதில் மந்திரிகள் திறந்துவைக்கத்தக்க ஆடம்பரம் ஒன்றுமிராது என்பது உண்மையே. ஆயினும் தறியில் பகலெல்லாம் குனிந்திருந்த நெசவாளி மாலையில் காற்று வாங்கவும், அவன் மகள் காலையில் பத்திரமாகப் பள்ளி சேரவும் அது உதவும். இந்த ஜில்லாக்களின் பிரதிநிதிகள் அடுத்த சட்டசபைக் கூட்டத்திலேயே இவ்விஷயத்தைக் கிளப்பவேண்டுமென்றும், காஞ்சி நகரத்தார் அதுவரை காத்திராமல் தங்கள் ஊர் ஏரிக்கரையை ஒருமுறை நடந்து பார்த்து, எங்கே மண் சரிந்திருக்கிறது, எங்கே வேலி வழியை மறித்திருக்கிறதென்று குறித்துக் கலெக்டருக்கு மனுச் செய்யவேண்டுமென்றும் கேட்டுக்கொள்ளுகிறோம்.