மினாராவை உடைக்க முன் கொஞ்சம் யோசிப்போம்



எமது பள்ளிவாசலின் பழைய மினாராவை உடைத்துவிட்டு, அதைவிட இரண்டு மடங்கு உயரத்தில் புதிதாக ஒன்று கட்டுவது பற்றி ஊரில் கதை அடிபடுகிறது. நிருவாகத்தினர் நல்ல நிய்யத்தோடுதான் பேசுகிறார்கள், அதில் எமக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் முடிவெடுக்க முன் ஜமாஅத்தார் சில விடயங்களை யோசிக்க வேண்டும்.

முதலில், கோபுரம் எதற்கு? மக்களைத் தொழுகைக்கு எப்படி அழைப்பது என்ற கேள்வி மதீனாவில் வந்தபோது, மணி அடிக்கலாம் என்றும் கொம்பு ஊதலாம் என்றும் ஆலோசனைகள் சொல்லப்பட்டதை ஹதீஸ்களில் படித்திருக்கிறோம். கடைசியில் மனிதக் குரலே தெரிவானது. நபி (ஸல்) அவர்களின் காலத்தில் மஸ்ஜிதுந் நபவியில் மினாரா இருக்கவில்லை. பிலால் (ரழி) அவர்கள் சுபஹுக்குப் பாங்கு சொன்னது பனூ நஜ்ஜார் கோத்திரத்துப் பெண் ஒருவரின் வீட்டின் மேல் ஏறி நின்று. பள்ளியைச் சுற்றி இருந்தவற்றில் அந்த வீடுதான் உயரம். குரல் தூரம் போக உயரம் வேண்டும். மினாராவின் தேவை அவ்வளவுதான்.

மணிக்கோபுரத்தின் கதையும் இதுதான். பைசா சாய்ந்த கோபுரத்தின் படத்தைக் காட்டினால் எந்த மாணவரும் பெயர் சொல்வார். அது பக்கத்துத் தேவாலயத்தின் மணிக்கோபுரம் என்பதும் மேலே 7 மணிகள் இருப்பதும் பெரியவர்கள் பலருக்கே தெரியாது. 1173இல் மென்மையான மண்ணில் அத்திவாரம் போட்டதால், சில மாடிகள் எழும்பும்போதே அது சாயத் தொடங்கியது. மணிக்கோபுரம் கட்டுவது இலேசான வேலையல்ல. பெரிய மணி ஊசலாடும்போது கோபுரத்தையே இரு பக்கமும் தள்ளும். அதனால் சுவரைத் தடிப்பாகக் கட்டுவார்கள், மணியை மரச்சட்டத்தில் தொங்கவிடுவார்கள், ஓசை வெளியேற மேல்தட்டில் திறப்புகள் விடுவார்கள். நாம் ரசிக்கும் அழகெல்லாம் இந்தத் தேவைகளை ஒட்டி வந்தது.

எமக்கு மிக நெருக்கமான கதை ஸ்பெய்னின் செவில் நகரில் இருக்கிறது. அங்குள்ள ஹிரால்டா, முவஹ்ஹிதுகள் 1184இல் கட்டத் தொடங்கி 1198இல் முடித்த மினாரா. முஅத்தின் வாகன மிருகத்திலேயே மேலே போகக்கூடியதாகப் படிகளுக்குப் பதில் 35 சரிவுப் பாதைகள் வைத்தார்கள். 1248இல் நகரம் மூன்றாம் பெர்னாண்டோ மன்னரின் கைக்குப் போனது. பள்ளிவாசலைத் தேவாலயமாக்கினார்கள். 15ஆம் நூற்றாண்டில் அதையும் இடித்துப் பேராலயம் எழுப்பினார்கள். ஆனால் மினாராவை விட்டுவைத்தார்கள். 1568இல் அதன் மேல் மணிக்கூண்டைக் கட்டி முடித்தார்கள். இன்று அதன் உயரம் சுமார் 104 மீற்றர். கீழே முஸ்லிம் கைவினைஞர்களின் செங்கல் வேலைப்பாடு, மேலே மணிகள்.

பள்ளியை இழந்தது வலிக்கின்ற வரலாறுதான். ஆனால் ஊரைப் பிடித்தவர்களுக்கே உடைக்க மனம் வராத ஒன்று அது. எமது கோபுரத்தை நாமே உடைக்க ஏன் இவ்வளவு அவசரம்?

எமது நாட்டையும் பாருங்கள். கொழும்பு புறக்கோட்டையில் கைமன் வாசல் மணிக்கோபுரம் இன்னும் நிற்கிறது. அதன் மணி, கோட்டேயில் இருந்த போர்த்துக்கேயத் தேவாலயத்தினுடையது என்பார்கள். பின்னர் ஒல்லாந்தர் அதை நகரத்து மணியாக்கினார்கள். அங்கிருந்து சில நிமிட நடையில் 1908இல் கட்டத் தொடங்கிய சிவப்புப் பள்ளி. காலி கோட்டையில் உள்ள மீரான் ஜும்ஆப் பள்ளியைத் தூரத்தில் இருந்து பார்ப்பவர் தேவாலயம் என்றே நினைப்பார். அதைக் கட்டிய எம்மவர்களின் ஈமான் அதனால் குறைந்துவிடவில்லை. அந்த மண்ணின் கைவேலையை அவர்கள் தமதாக்கிக்கொண்டார்கள். இப்போது எழும்பும் மினாராக்களோ எந்த ஊருக்குப் போனாலும் ஒரே அச்சு.

பாங்கு தூரம் போக ஒலிபெருக்கி இருக்கிறது. கூடுதலாக எழும்பும் அடிகளால் ஒரு வீட்டுக்கும் பாங்கு கூடுதலாகக் கேட்கப்போவதில்லை. உயரத்தில் போட்டி தொடங்கினால் அதற்கு முடிவும் இல்லை. 2019க்குப் பிறகு அக்கம்பக்கத்து ஊர்களோடு மெல்ல மெல்லக் கட்டி வந்த நல்லுறவுக்கும் அது உதவாது.

“மினாராவில் வெடிப்பு இருக்கிறது, விழுந்தால் யார் பொறுப்பு?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் தகுதியான பொறியியலாளர், புதிதாகக் கட்டித்தர விலை சொல்ல வந்தவரல்ல. எனவே,

1. முதலில் பொறியியலாளர் ஒருவரைக் கொண்டு பரிசோதித்து, அறிக்கையை ஜமாஅத்தாருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

2. திருத்த முடியுமென்றால் திருத்துவோம். அதற்கான சந்தாவை முதலில் தர நாம் தயார்.

3. உடைத்தே ஆக வேண்டுமென்றால், அதற்கு முன் அளவெடுத்து, வரைந்து, படம் பிடித்து வைப்போம். அதைக் கட்டியவர்களைப் பற்றி மூத்தவர்கள் சொல்வதையும் பதிவு செய்வோம். எமது மாணவர்கள் இந்த வேலைக்கு வருவார்கள்.

4. மிஞ்சும் பணத்தைப் பிள்ளைகளின் படிப்புக்கு ஒதுக்குவோம்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், நிருவாகத்தினரை ஏசாமல் எழுதுங்கள். உடைப்பதற்கு ஒரு நாள் போதும். எமது வாப்பாமாரும் அப்பாமாரும் ஒவ்வொரு சதமாகச் சேர்த்துக் கட்டியதை மீண்டும் எழுப்ப யாராலும் முடியாது.