பங்கில்லாதவரின் பங்களிப்பு

'பங்களிப்பு' என்ற சொல்லை நாம் வெகு தாராளமாகப் புழங்கி வருகிறோம். பங்குடையவன் அளிப்பதே பங்களிப்பு. ஆப்கானிஸ்தானில் நேட்டோ நடத்திய போருக்கு ஜார்ஜியா அளித்ததையும் இச்சொல்லாலேயே குறிப்பதை நம்மால் ஏற்க இயலவில்லை. (அமெரிக்க மாநிலத்தைச் சொல்லவில்லை; காகசஸ் மலைகளை ஒட்டி ஏறத்தாழ 37 லட்சம் மக்கள் வாழும் நாட்டைச் சொல்கிறோம்.) அந்நாடு நேட்டோவில் அன்றும் உறுப்பினரில்லை, இன்றும் இல்லை.

2008 ஏப்ரலில் புக்காரெஸ்ட் மாநாட்டில், ஜார்ஜியா உறுப்பினராகும் என்று நேட்டோ அறிவித்தது. எப்போது என்று சொல்லவில்லை. நான்கே மாதங்களில் ரஷ்யப் படைகள் உள்ளே நுழைந்தன. அவ்வேளையில் ஜார்ஜிய வீரர்கள் சுமார் 2000 பேர் எங்கிருந்தனர்? ஈராக்கில், அமெரிக்காவுக்குத் துணையாக. அமெரிக்க விமானங்கள் அவர்களை அவசரமாக ஏற்றிக்கொண்டு வந்தன. ஐந்து நாட்களில் போரே முடிந்துவிட்டது.

அதன் பிறகும் படையனுப்புவதை அந்நாடு பெருக்கியது என்பதுதான் நம்மைத் திகைக்க வைக்கிறது. 2010-ல் ஹெல்மண்டுக்கு ஒரு பட்டாலியன், 2012-ல் இன்னொன்று. உறுப்பினரல்லாத நாடுகள் அனுப்பியவற்றுள் அதுவே மிகப் பெரிய படையாயிற்று. செல்வம் மிக்க உறுப்பு நாடுகள் சில, 'இங்கே போகமாட்டோம், இதைச் செய்யமாட்டோம்' என்று நிபந்தனை விதித்திருந்த போரில், ஜார்ஜியர்கள் நிபந்தனை ஏதுமின்றி நின்றனர். 2013 மே 13 அன்று மூவர் மாண்டனர். ஜூன் 6 அன்று எழுவர். இருமுறையும் வெடிமருந்து ஏற்றிய லாரியே எமனாக வந்தது. 2021-ல் படை திரும்பும்வரை இறந்தோர் 32 பேர்.

பயிற்சியும் தளவாடமும் கிடைத்தனவே, இருதரப்பும் அறிந்து செய்த பேரந்தானே என்பாரும் உளர். பேரமென்றால் பொருள் கைமாறும் நாள் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒருவர்மீதான தாக்குதலை அனைவர்மீதான தாக்குதலாகக் கொள்ளும் ஐந்தாம் விதி இதுவரை ஒரேயொரு முறை, 2001-ல், அமெரிக்காவுக்காக முன்வைக்கப்பட்டது. அதையொட்டி எழுந்த போரில், அவ்விதி காக்காத நாட்டின் பிள்ளைகள் மடிந்தனர். புக்காரெஸ்ட் வாக்குறுதிக்கு இன்னும் தேதி இடப்படவில்லை.

திபிலீசி ஆட்சியாளரையும் நாம் விட்டுவிடுவதற்கில்லை. சாகாஷ்விலி அனுப்பினார், 2012 தேர்தலில் அவர் கட்சியை வீழ்த்தி வந்த 'ஜார்ஜியக் கனவு' அணியும் தொடர்ந்து அனுப்பிற்று. அந்தக் கட்சியின் அரசுதான், ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் பேச்சை 2028 வரை எடுப்பதில்லை என்று 2024 நவம்பரில் அறிவித்தது. எந்தக் கதவு திறக்குமென்று சொல்லிப் பிள்ளைகளை ஹெல்மண்டுக்கு அனுப்பினார்களோ, அதன் பக்கத்துக் கதவைத் தாங்களே சாத்திக்கொண்டார்கள். இதை அந்த 32 வீடுகளுக்கும் போய் விளக்க வேண்டியவர்கள் பிரஸ்ஸல்ஸில் மட்டும் இல்லை.