நாற்பது ஏக்கர் கேட்ட வழக்கறிஞர்

ஊருக்கொரு சுடுகாடு, சேரிக்கொரு சுடுகாடு என்று பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். அமெரிக்காவிலும் வெள்ளையருக்கு மட்டுமான இடுகாடுகள் இருந்தன. அப்படியோர் இடத்தில் தன்னைப் புதைக்கக் கூடாது என்றார் ஒரு வெள்ளைக்கார வழக்கறிஞர். பென்சில்வேனியா மாநிலத்தின் லங்காஸ்டர் நகரில், கறுப்பின மக்களுக்கும் இடம் தந்த சிறிய இடுகாட்டைத் தேர்ந்தெடுத்தார். வாழ்நாளெல்லாம் பேசிய சமத்துவத்தைச் சாவிலும் காட்டவே இந்த முடிவு என்று கல்லறையிலும் பொறிக்கச் செய்தார். அவர் பெயர் தாடியஸ் ஸ்டீவன்ஸ்.

1792-இல் வெர்மான்ட் மாநிலத்தில் ஏழைக் குடும்பத்தில், வளைந்த பாதத்தோடு பிறந்தவர். தாயின் உழைப்பில் படித்து, கெட்டிஸ்பர்க் ஊரில் வழக்கறிஞரானார். தொடக்கத்திலேயே அவர் நம் பக்கம் நின்றுவிடவில்லை. 1821-இல் விடுதலை கேட்டு வழக்காடிய சாரிட்டி பட்லர் என்ற கறுப்பினப் பெண்ணுக்கு எதிராக, அவருடைய எஜமானனுக்காக வாதாடி வென்றார். அந்தப் பெண் அடிமையாகவே இருக்க நேர்ந்தது. பின்னாளில் அதே ஸ்டீவன்ஸ், தப்பி வந்த அடிமைகளுக்காக நீதிமன்றம் ஏறினார்.

மாநிலச் சட்டமன்றத்தில் இலவசப் பள்ளிச் சட்டத்தை ஒழிக்க 1835-இல் முயற்சி நடந்தபோது, அவருடைய பேச்சு அதைத் தடுத்து நிறுத்தியது. கறுப்பின ஆண்களின் வாக்குரிமையைப் பறித்த மாநில அரசமைப்பில் 1838-இல் கையெழுத்திட மறுத்தார். பிறகு அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவைக்குச் சென்று, அடிமை முறையை ஒழித்த 13-ஆவது திருத்தத்துக்காகப் போராடினார். சட்டத்தின் சமமான பாதுகாப்பை எல்லோருக்கும் உறுதி செய்யும் 14-ஆவது திருத்தத்தை 1866-இல் அவையில் முன்னின்று நடத்தினார்.

ஆனால் அவர் கேட்டதில் முக்கியமான ஒன்று கிடைக்கவில்லை. உள்நாட்டுப் போரில் தோற்ற தென்மாநிலப் பெரும் பண்ணையார்களின் நிலத்தைப் பறிமுதல் செய்து, விடுதலையான கறுப்பினக் குடும்பங்களுக்குத் தலா 40 ஏக்கர் தர வேண்டும் என்றார். சொந்தக் கட்சியிலேயே போதிய ஆதரவில்லை. மனிதரை விலைக்கு வாங்கி விற்றபோது வராத சொத்துரிமைக் கவலை, நிலத்தைப் பங்கிடச் சொன்னதும் வந்துவிட்டது. 1868 ஆகஸ்ட்டில் ஸ்டீவன்ஸ் இறந்தார்.

அதன் பின் நடந்தது நமக்குப் புரியாத கதையல்ல. விடுதலையானவர்களில் பெரும்பாலோர் பழைய எஜமானர்களின் நிலத்திலேயே வாரத்துக்கு உழுதார்கள். கடன் கழுத்தை நெரித்தது. பிழைப்பு பண்ணையாரின் கையில் இருந்ததால் வாக்கையும் காப்பாற்ற முடியவில்லை. நூற்றாண்டு முடிவதற்குள் தென்மாநிலங்கள் அந்த உரிமையைப் பறிக்கத் தொடங்கின.

நம் அரசமைப்புச் சட்டத்தின் 14-ஆவது பிரிவை மாணவர்கள் தேர்வுக்கு மனப்பாடம் செய்கிறார்கள். அதிலுள்ள ‘சட்டத்தின் சமமான பாதுகாப்பு’ என்ற கருத்து, ஸ்டீவன்ஸ் போராடிய அந்த அமெரிக்கத் திருத்தத்திலிருந்து வந்தது. அவர் வென்ற சொல் நம்மிடம் இருக்கிறது. அவர் தோற்ற நிலக் கேள்வியும் நம்மிடம் இருக்கிறது. பஞ்சமி நிலத்தைக் கேட்டு மனுவோடு நிற்பவரைப் பார்த்து, “சட்டம்தான் சமம் என்று சொல்லிவிட்டதே, இன்னும் என்ன?” என்று கேட்பவர்கள் அமெரிக்காவின் இந்தக் கதையைப் படிக்கட்டும். காலடியில் சொந்த மண் இல்லாதவர், சட்டம் தந்த உரிமையையும் அடுத்தவர் தயவில்தான் அனுபவிக்க வேண்டியிருக்கும்.