தோட்டா சிக்கினால்

குறி சுடும் பயிற்சிக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் நம்மிடம் கூறும் குறை ஒன்றுண்டு: "தோட்டா சிக்குகிறதாம், வேறு துப்பாக்கி கேட்கிறான்." பெருஞ்செலவுக்கு முன் சற்றே ஆராய்வோம்.

'பாயிண்ட் டூ டூ' தோட்டாவின் அடிவிளிம்பு சற்று வெளியே நீண்டிருக்கும். மேகசினில் அடுக்கும்போது மேல் தோட்டாவின் விளிம்பு, கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் அமைதல் வேண்டும். மாறினால் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். மேகசினின் வாய் நெளிந்திருந்தாலும் தோட்டா நேரே ஏறாது.

சுட்டபின் வெற்றுறை வெளியேறாவிடில், முதலில் அழுக்கையே ஐயுற வேண்டும். ஈயக் குண்டின் மெழுகும் மருந்துக் கரியும் தோட்டா அறையிலும், உறையை இழுக்கும் கொக்கியடியிலும் படிகின்றன. மேகசினைக் கழற்றி, அறை வெறுமை எனக் கண்ணால் கண்ட பின்னரே துடைக்க வேண்டும். வலுக்குறைந்த தோட்டாவும் தளர்ந்த பிடியும் இதே கோளாற்றைத் தரும். ஆகவே வேறு வகைத் தோட்டாவையும் இட்டுப் பார்க்கலாம். அதன்பின்னும் தீராவிடில் தேர்ந்த பழுதுபார்ப்பவரை நாடுக. நாமே அரம் எடுத்தல் ஆகாது.

இவை யாவினும் முதன்மையானது வேறு. சிக்கியவுடன் பிள்ளை துப்பாக்கியோடு ஆசிரியர் பக்கம் திரும்புவதே பேராபத்து. குழல்முனை இலக்கை நோக்கியே நிற்க, மறு கையை உயர்த்த வேண்டும். 25 மீட்டர் போட்டியின் விதியும் இதுவே. அதிகாரி பார்க்குமுன் துப்பாக்கியைத் திறந்தவர், கோளாற்றுக்குரிய மறுவாய்ப்பை இழப்பார்.

2012 இலண்டன் ஒலிம்பிக்கில் விஜயகுமார் வெள்ளிப் பதக்கம் வென்றதும் இச்சிறு தோட்டாவைக் கொண்டே. புதுத் துப்பாக்கிக்கு முன், பொறுமையை வாங்கித் தருவோம்.