செய்முறையை எழுதி வைப்போம்

இறுதியாண்டுத் திட்டப்பணியைப் படைக்கும் வாரம் நெருங்கினால் கணினிக்கூடத்தில் ஒரு வாக்கியம் தவறாமல் ஒலிக்கும்: "என் கணினியில் ஓடியதே!" விரிவுரையாளரின் கணினியில் அதே நிரல் அசையாது. நால்வர் சேர்ந்து எழுதிய நிரலை ஒன்றுசேர்க்கும் முறை அவர்களில் ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருக்கும். அன்று பார்த்து அவர் காய்ச்சலில் படுத்திருப்பார். திறமைக் குறைவால் வரும் சிக்கலன்று இது. செய்முறையை எழுதி வைக்காததால் வருவது.

இதற்கான மருந்து 1976ஆம் ஆண்டிலேயே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. அதன் பெயர் 'மேக்'. ஆப்பிள் நிறுவனத்தின் கணினியை நான் குறிப்பிடவில்லை. ஆங்கிலத்தில் 'செய்' என்று பொருள்படும் சொல்லைப் பெயராகக் கொண்ட சிறு மென்பொருள் அது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் அதை உருவாக்கினார். அவருடைய சக ஊழியர் ஸ்டீவ் ஜான்சன், ஒரு நாள் காலைப்பொழுது முழுவதையும் பிழை தேடியே வீணாக்கிவிட்டு ஆத்திரத்தோடு ஃபெல்ட்மனின் அறைக்கு வந்தார். உண்மையில் அந்தப் பிழையை அவர் முன்பே திருத்திவிட்டார். திருத்திய கோப்பைக் கணினி மொழிக்கு மாற்றும் வேலைதான் விட்டுப்போயிருந்தது. ஆகவே ஓடிக்கொண்டிருந்தது பழைய நிரலே! ஃபெல்ட்மனும் முந்தின நாள் மாலை இதே தொல்லையில் சிக்கியிருந்தார். அந்த வார இறுதியிலேயே 'மேக்' பிறந்தது. 2003ஆம் ஆண்டுக்கான ஏ.சி.எம். மென்பொருள் விருதை அது அவருக்குப் பெற்றுத் தந்தது.

இதன் உள்ளமைப்பு எளிமையானது. 'மேக்ஃபைல்' என்னும் சாதாரண எழுத்துக் கோப்பில் மூன்று செய்திகளை எழுதுகிறோம்: எதைச் செய்ய வேண்டும், அதற்கு எவை தேவை, எப்படிச் செய்வது. 'முதன்மை', 'அகராதி' என்னும் இரு மூலக்கோப்புகளால் ஒரு நிரல் ஆனது என்று வைத்துக்கொள்வோம். நாம் அகராதியை மட்டும் திருத்துகிறோம். மேக் ஒவ்வொரு கோப்பும் கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தைப் பார்க்கிறது. தேவையான பொருள் செய்த பொருளைவிடப் புதியதாக இருந்தால் அதை மீண்டும் செய்கிறது. எனவே அகராதி மட்டும் மறுபடி மாற்றப்பட்டு, இரண்டும் இணைக்கப்படும். முதன்மையை அது தொடாது. எதுவும் மாறவில்லை என்றால் ஒரு வேலையும் செய்யாமல் நின்றுவிடும். இரண்டு கோப்புகளுக்கு இது பெரிதாகத் தோன்றாது. இரண்டாயிரம் கோப்புகள் இருக்கும்போது இதன் அருமை தெரியும்.

என்னைக் கவர்ந்த சிறப்பு வேறொன்று. செய்முறைப் பகுதியில் எந்தக் கட்டளையையும் எழுதலாம். மேக்குக்கு அது நிரலா, நூலா, வரைபடமா என்ற கவலை இல்லை. ஆய்வுத் தரவிலிருந்து வரைபடம், வரைபடத்திலிருந்து அத்தியாயம், அத்தியாயங்களிலிருந்து ஆய்வேடு என்று சங்கிலியாக எழுதி வைத்தால், ஓர் எண்ணைத் திருத்தியதும் ஆய்வேடு வரை தானாகப் புதுப்பிக்கப்படும்.

குறைகளும் உண்டு. செய்முறை வரி 'டேப்' விசையில்தான் தொடங்க வேண்டும். இடைவெளியை எட்டு முறை தட்டினால் திரையில் ஒன்றுபோலவே தெரியும்; ஆனால் மேக் ஏற்காது. இதை மாற்றாததற்கு ஃபெல்ட்மன் சொன்ன காரணம் சுவையானது. அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்களாம். அவர்களுக்கு ஏன் தொல்லை என்று விட்டுவிட்டாராம்! பின்னர் வந்த இலட்சக்கணக்கானோர் அதன் பலனை அனுபவிக்கிறார்கள். அடுத்து, நாம் எழுதாமல் விட்ட தேவையை மேக் அறியாது. கணினியின் கடிகாரம் தவறினாலும் அது ஏமாறும். இக்குறைகளைத் தீர்க்கவும் புதிய தேவைகளை நிறைவேற்றவும் பல கருவிகள் வந்தன. ஜாவா மொழிக்காக ஜேம்ஸ் டன்கன் டேவிட்சன் உருவாக்கிய 'ஆண்ட்' 2000ஆம் ஆண்டில் தனியாக வெளியிடப்பட்டது. அதன் பிறகு மேவன், கிரேடில் என்று வரிசை நீள்கிறது. எழுதும் முறைதான் மாறியது. எதற்கு எது தேவை என்று எழுதி வைக்கும் அடிப்படை மாறவில்லை.

"இப்போது ஒரு பொத்தானை அழுத்தினால் போதுமே, இதெல்லாம் எதற்கு?" என்று நண்பர்கள் கேட்கலாம். பொத்தான் வசதியானதுதான். ஆனால் அது என்ன செய்கிறது என்பது அழுத்துபவருக்குத் தெரியாது. அடுத்தவரின் கணினியில் அதே பொத்தான் வேறொன்றைச் செய்யலாம். எழுத்தில் இருக்கும் செய்முறையைப் படிக்கலாம், கேள்வி கேட்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம்.

இதை இந்த ஆண்டிதழில் எழுதக் காரணம் உண்டு. நம் கழகத்தின் செயலவை ஆண்டுதோறும் மாறுகிறது. எந்த எழுத்துரு, எந்தப் பக்க அளவு, அச்சகத்துக்கு எப்படி அனுப்புவது என்பதெல்லாம் ஒரு மூத்த மாணவரின் தலையில் இருக்கிறது. அவர் பட்டம் பெற்றுச் சென்றதும் புதியவர்கள் 'அ' விலிருந்து தொடங்குகிறார்கள். தமிழுக்கு இந்த இழப்பு இரட்டிப்பானது. ஒருங்குறி பரவலாவதற்கு முன் ஒவ்வோர் எழுத்துருவும் ஒவ்வொரு குறியாக்கத்தைப் பின்பற்றியது. நம் நாட்டில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் பலருக்குக் கைகொடுத்தது. திஸ்கி போன்ற பொதுக் குறியாக்கங்களும் வந்தன. அக்காலத்துக் கோப்பை இன்று திறந்தால், உரிய எழுத்துரு இல்லாவிடில் பொருளற்ற குறிகளே திரையில் நிற்கும். கட்டுரை அழியவில்லை, அதைத் திறக்கும் வழியை யாரும் எழுதி வைக்கவில்லை. "இக்கோப்பு இந்தக் குறியாக்கத்தில் உள்ளது" என்று ஒரு வரி இருந்தால் ஒருங்குறிக்கு மாற்றுவதற்கு நிரல்கள் இருக்கின்றன. அந்த ஒரு வரி இல்லாதபோது ஊகிக்க வேண்டியதுதான்.

எனவே என் பரிந்துரை இது. ஆண்டிதழின் கட்டுரைகளை ஒருங்குறியில் தனித்தனி எழுத்துக் கோப்புகளாக வைப்போம். தமிழை நன்கு கையாளும் 'ஸீலேடெக்' போன்ற இலவசப் பக்க அமைப்பு மென்பொருள் இருக்கிறது. அதற்கான கட்டளைகளை ஒரு மேக்ஃபைலில் எழுதிவிட்டால், அச்சுக்குப் போகும் முந்தின இரவு ஒற்றுப்பிழை ஒன்றைத் திருத்தினாலும் ஒரே கட்டளையில் இதழ் மீண்டும் உருவாகும். பத்தாண்டுகள் கழித்து வரும் தம்பி தங்கைகளும் அது எப்படி உருவானது என்று படித்தறியலாம்.

"நாங்கள் தமிழியல் மாணவர்கள், எங்களுக்குக் கணினிக் கட்டளை வராது" என்று ஒதுங்க வேண்டாம். மேக் ஆவணங்கள் மூன்றாம் பகுதிக்கு இட்டிருக்கும் ஆங்கிலப் பெயர் சமையல் குறிப்பைக் குறிக்கும் சொல். நான் அதற்குத் தமிழ்ச்சொல் தேடி அலையவில்லை. தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடத்தில் பரிசோதனை எழுதும்போது பொருள்கள், செய்முறை, முடிவு என்று எழுதினோம் அல்லவா? அதுவேதான். இடைநிலைப்பள்ளியில் அதை மலாயில் எழுதினோம், இங்கே ஆங்கிலத்தில் எழுதுகிறோம்; கருத்து ஒன்றே. மேக்ஃபைலில் விளக்கக் குறிப்புகளைத் தமிழிலேயே எழுதலாம், கணினி தடுக்காது. கட்டளைகளைக் கணினி மாணவர் எழுதட்டும். எந்தக் கட்டுரை யாரிடமிருந்து வருகிறது, மெய்ப்பு பார்த்த பிறகு எங்கே போகிறது என்ற வரிசையைத் தமிழியல் மாணவர் எழுதட்டும். பின்னது இல்லாமல் முன்னது பயன்படாது.

பதவி ஒப்படைப்பு நாளில் மாலையும் நினைவுப் பரிசும் கொடுக்கிறோம். இவ்வாண்டு முதல் இன்னும் மூன்றையும் சேர்த்துக் கொடுப்போம்: கட்டுரைகளின் மூலக்கோப்புகள், பயன்படுத்திய எழுத்துருவின் பெயர், இதழ் உருவான செய்முறை. புதிய செயலவையினர் அச்செய்முறையைத் தங்கள் கணினியில் ஒரு முறை ஓட்டிப் பார்த்து, இதழ் வந்த பிறகே கையெழுத்திடட்டும்.