அரிசியில் கல் பொறுக்குகிறோம், நிலக்கரியில்?

கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் நெளிந்த மாதிரி நெளியாமல் கடைசி வரை படியுங்கள்.

நேற்று குடும்பக் குழுவில் என் தம்பி மகன் ஒரு வீடியோ போட்டிருந்தான். ஒடிசாவில் தால்ச்சர் பக்கத்து நிலக்கரிச் சுரங்கங்களில் கன்வேயர், கிரஷர், சைலோ எல்லாம் புதிதாக வருகின்றன. லாரி இல்லாமல் கரி நேராக ரயில் வேகனில் இறங்குகிறது. அதற்குக் கீழே எழுதியிருந்தான்: "அத்தை, இனிமே சுத்தமான கரிதான் வரும். எண்ணூர்க்காரங்க புலம்புறதை நிறுத்தலாம்."

'புலம்புறது' என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 2019 முதல் மத்திய நிலக்கரி அமைச்சகம் செய்துவரும் இந்த மாற்றம் நல்ல மாற்றம். லாரிகள் குறைந்தால் சுரங்கத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் புழுதி குறையும். எடை சரியாக இருக்கும். பெரிய பாறாங்கட்டிகள் வருவதும் குறையும். இதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அதனால் கரி சுத்தமாகிவிடுமா? ஐந்தாம் வகுப்பில் நான் வீட்டிலிருந்து சல்லடையும் முறமும் கொண்டு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மணலையும் கூழாங்கல்லையும் சலித்தால் பிரியும். அரிசியையும் அரிசி அளவுக் கல்லையும் சலித்தால்? பிரியாது. சல்லடைக்குப் பெரிசு, சிறிசு மட்டும்தான் தெரியும். கல் எது, அரிசி எது என்று அதற்குத் தெரியாது. அதற்குத் தண்ணீரில் போட்டுக் கல் அரிக்க வேண்டும். கனமான கல் அடியில் தங்கும்.

நிலக்கரியும் அப்படியேதான். கிரஷர் உடைக்கிறது, சல்லடை அளவு பார்க்கிறது. உடைத்த கல் கரியோடு கரியாகவே வருகிறது. நம் நாட்டுக் கரியில் பொதுவாக நூற்றுக்கு 30 முதல் 45 பங்கு சாம்பல். அதைக் குறைக்க வேண்டுமானால் கழுவ வேண்டும். கழுவினாலும் முழுவதும் போகாது, ஆனால் குறையும்.

கணக்குப் போடுங்கள். ஒரு கப்பலில் 60,000 டன் கரி வருகிறது, சாம்பல் 40 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 24,000 டன் சாம்பல். சுரங்கத்திலிருந்து பாராதீப் வரை ரயில் வாடகை, அங்கிருந்து எண்ணூர் காமராஜர் துறைமுகம் வரை கப்பல் வாடகை. எரியாத பொருளுக்கு இத்தனை வாடகையும் கொடுத்து, அதையும் சேர்த்துத்தான் நாம் கரண்ட் பில் கட்டுகிறோம்.

இதற்கு ஒரு விதி இருந்தது. 2014 ஜனவரியில் சுற்றுச்சூழல் அமைச்சகம் கொண்டுவந்தது. சுரங்கத்திலிருந்து தொலைவில் உள்ள அனல்மின் நிலையங்களுக்கு அனுப்பும் கரியில் சாம்பல் 34 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. படிப்படியாக 500 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள எல்லாவற்றுக்கும் அது பொருந்தும் என்றார்கள். 2020 மே 21 அன்று, நாம் எல்லாரும் கொரோனாவுக்குப் பயந்து வீட்டுக்குள் இருந்தபோது, அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். சல்லடையைப் புதுப்பிக்கிற வீடியோ வருகிறது. கல் அரிக்கிற விதி போனதற்கு ஒரு வீடியோவும் வரவில்லை.

அவர்கள் சொன்ன காரணத்தையும் சொல்வதுதான் நியாயம். கழுவினால் கழிவும் அழுக்குத் தண்ணீரும் சுரங்கப் பக்கம் சேரும், சாம்பலை ஒரே இடத்தில் கையாள்வது எளிது என்றார்கள். நியாயமான கவலைதான். நம் குப்பையை ஒடிசாக்காரர் வாசலில் கொட்டச் சொல்ல எனக்கும் மனமில்லை. கழிவை வெட்டி முடித்த குழியிலேயே நிரப்பட்டும், தண்ணீரைச் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்தட்டும். ஆனால் 'ஒரே இடம்' என்கிறார்களே, அந்த இடம் எது? கொசஸ்தலை ஆற்றங்கரை. சாம்பல் குழாய் உடைந்து ஆற்றில் கலந்ததற்காகப் பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போன மீனவர்களின் இடம்.

2011-இல் நடந்ததை யோசித்துப் பாருங்கள். கரித்தூசியால் சுற்றியிருப்பவர்கள் அவதிப்படுகிறார்கள் என்று சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவதை உயர்நீதிமன்றம் நிறுத்தியது. கரி எண்ணூருக்குப் போனது. தூசி ஒழிந்ததா? அதன் விலாசம்தான் மாறியது.

வடசென்னையில் ஒரு பள்ளியில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். காலையில் துடைத்த பெஞ்சில் மதியம் விரலால் பெயர் எழுதலாம். பிள்ளைகள் அதை விளையாட்டாகச் செய்வார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அதுவே மூச்சுக்குள்ளும் போகிறது என்று அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வெட்கம் இன்றும் இருக்கிறது.

"கரண்ட் வேணும்னா கரி வேணும் அத்தை" என்பான் அவன். தெரியுமப்பா. 2015 டிசம்பரில் அடையாறு எங்கள் ஈக்காட்டுத்தாங்கல் தெருவுக்குள் வந்தபோது மெழுகுவத்தியோடு நாட்களை ஓட்டியவள் நான். கரண்ட்டின் அருமையை எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். நான் கேட்பது, ஸ்விட்ச் ஈக்காட்டுத்தாங்கலிலும் சாம்பல் எண்ணூரிலும் இருப்பது என்ன கணக்கு என்பதுதான்.

தொலைவுக்குப் போகும் கரிக்குச் சாம்பல் வரம்பு திரும்ப வரட்டும். இறங்கும் ஒவ்வொரு கப்பலிலும் எத்தனை சதவீதம் சாம்பல் என்று பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடட்டும். மின்வாரியத்திலும் துறைமுகத்திலும் வேலை பார்க்கும் என் மாணவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். நான் சொன்னதில் தவறு இருந்தால் கீழே எழுதுங்கள், திருத்திக்கொள்கிறேன். சரி என்றால் அலுவலகத்தில் ஒருமுறையாவது இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

சோற்றில் ஒரு கல் கடிபட்டால் தட்டைத் தள்ளிவிடுகிறோம். மூச்சில் கடிபடுகிறது என்று சொல்பவர்களைப் பார்த்துப் புலம்பாதே என்று சொல்லாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
ஈக்காட்டுத்தாங்கல்